சூனியக்காரியின் அம்பு

ஓட்டப்பிடாரத்துக் கரிசற் காட்டிலே களை வெட்டக் குனிந்த ஒருத்தி, நிமிர முடியாமல் நின்றுவிடுகிறாள். 'பிடித்துக்கொண்டது' என்கிறாள். எது பிடித்தது? 'வாயு' என்பார் ஒருவர். 'சுளுக்கு' என்பார் மற்றொருவர். 'உச்சிப்பொழுதிலே ஒற்றைப் பனையடியில் நின்றாயோ?' என்று ஐயத்தோடு வினவுவாள் ஒரு பாட்டி. பிறகு, தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவர் ஊரில் யார் எனத் தேடுவர். அவர் தம் காலால் இடுப்பை மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது, தலைமுறை தலைமுறையாக நம் நாட்டிலே நிலவிவரும் நம்பிக்கை.

நாட்டுப்புறத்தார் அறியாமை என்று நகரத்தார் நகைப்பர். நகைக்கட்டும், ஆனால் வெள்ளையர் நாட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நகைக்கட்டும்! ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதி வழக்கங்களைத் தொகுத்து வால்ட்டர் கிரெகர் என்பார் 1881-இல் வெளியிட்ட நூலிலே, கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கும் இடுப்பு வலியும் தீரும் என்று அங்கே மக்கள் நம்பியதைக் காண்கிறோம். ஜெர்மானியரோ திடீர் இடுப்புப் பிடிப்புக்கு 'ஹெக்சென்சுஸ்' என்று பெயரிட்டனர். சூனியக்காரி எய்தது என்பது அதன் பொருள். பேய் விரட்டும் காலம் போன பின்னும் அந்தப் பெயர் அங்கே போகவில்லை.

மிதித்த பின் பலருக்கு நலமானது பொய்யன்று. திடீரென வரும் இடுப்பு வலியில் பெரும்பாலானது சில வாரங்களில் தானாகவே தணிகிறது. 'இனிப் பயமில்லை, எழுந்து நட' என்று ஊரே கூடிச் சொன்ன சொல்லும் துணை நின்றிருக்கும். காலுக்கு மகிமையில்லை, அச்சம் அகன்றதற்கு உண்டு. இந்த எளிய உண்மையைக் கற்றவர் உலகம் கண்டுணர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதுதான் வியப்பு!

புகைவண்டி வந்தது. 1830-இல் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. விபத்துகளும் உடன் ஓடி வந்தன. எலும்பு முறியாதவர், காயம் படாதவர் பலர், வாரங்கள் கழிந்த பின் முதுகு வலியால் துன்புற்றனர். 1866-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், அதிர்ச்சியால் தண்டுவடமே கெட்டுவிட்டது என்றார். 'புகைவண்டி முதுகு' என்று அந்நோய்க்குப் பெயரும் வந்தது. 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் மறுத்துரைத்தார்: தண்டுவடத்தில் குறையில்லை, அச்சமே ஆட்டி வைக்கிறது என்றார் அவர். பேஜ் யார் தெரியுமா? ஒரு புகைவண்டிக் கம்பெனியின் மருத்துவர்! இழப்பீடு கேட்டு வழக்கு மன்றம் ஏறியவர்களுக்கு எதிரே அவர் வாதம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? மனத்துக்கும் முதுகுக்கும் தொடர்புண்டு என்ற அரிய உண்மை, முதலாளியின் பையிலிருந்து வெளிவந்ததால், 'எல்லாம் நடிப்பு' என்ற பழியையும் சுமந்தே வந்தது. இன்றும், 'முதுகு வலி' என்று ஒரு கூலியாள் சொன்னால், 'வேலைக்கு வராதிருக்க வேடம்' என்று சொல்லும் வாய்களை நம்மூரிலேயே கேட்கிறோம் அல்லவா?

1895-இல் ரொண்ட்கன் எக்ஸ்ரே கண்டார். 1934-இல் அமெரிக்காவின் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், முதுகெலும்புகளிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை எழுதிக் காட்டினர். மெய்யான கண்டுபிடிப்புதான். காலுக்குப் பாயும் கடும் வலியில் அதனால் நலம் பெற்றோர் உண்டு. ஆனால், ஒரு கதவைத் திறந்த சாவியைக் கொண்டு ஊரிலுள்ள எல்லாக் கதவுகளையும் திறக்க முனைந்தனர். முதுகு வலி என்றால் வட்டு, வட்டு என்றால் படுக்கை! பலகையின் மேல் கிட, குனியாதே, தூக்காதே, அசையாதே என்றனர். முதுகு, கண்ணாடிக் குவளையாயிற்று.

1994-இல் அந்தக் குவளையில் விரிசல் கண்டது. முதுகு வலியே இல்லாத 98 பேரை ஜென்சனும் தோழர்களும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். 64 விழுக்காட்டினருக்கு வட்டில் ஏதேனும் ஒரு குறை! வலியின்றி உண்டு, உறங்கி, உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நரை போல, தோலின் சுருக்கம் போல, வட்டிலும் வயது தன் எழுத்தை எழுதுகிறது. அந்த எழுத்தைக் காட்டி, 'உன் முதுகு தேய்ந்துவிட்டது' என்று சொல்லி அனுப்பினால் அவள் என்ன செய்வாள்? குடத்தைக் கண்டால் அஞ்சுவாள். குழந்தையைத் தூக்க அஞ்சுவாள். அசையாத தசை நலிய, நலிந்த தசை நோக, நோவு அச்சத்தை வளர்க்கும். சூனியக்காரி வில்லை வைத்துவிட்டு, ஒளிப்படத்தை எடுத்துக்கொண்டாள்!

இந்தச் சுழலை அறுக்க முற்பட்டவருள் முதல்வர், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து உளவியலறிஞர் வில்பர்ட் ஃபோர்டைஸ். அவரது நூல் 1976-இல் வெளிவந்தது. வலிக்கும் வரை பயிற்சி செய், வலித்ததும் நிறுத்து என்பது பழைய முறை. அப்படியாயின் ஆணையிடுவது வலி, அடிபணிவது ஆள். ஃபோர்டைஸ் அதனைத் தலைகீழாக்கினார். இன்று பத்துமுறை குனிந்து நிமிர் என்று, எளிதில் முடிக்கக்கூடிய அளவைக் குறித்தார். சிறிது சிறிதாக உயர்த்தினார். மாத்திரையையும் வலி வந்ததும் கொடாது, மணி பார்த்துக் கொடுத்தார். வலியின் அரியணை ஆடிற்று. 1965-இல் மெல்சாக், வால் இருவரும், வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் வாயில் ஒன்று உண்டு, மனநிலை அதனைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது என்று கூறியிருந்தனர். ஆகவே அது மெய்யான வலிதான். அதன் அளவை மட்டும் எலும்பு தனித்து முடிவு செய்வதில்லை.

கிளாஸ்கோ நகரத்து எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடல், கத்தி பிடித்த கையாலேயே 1987-இல் எழுதினார்: உடல், உள்ளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் முதுகு வலியைத் தீர்க்க இயலாது என்று. 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரிடம் ஆய்ந்தனர். இரண்டு நாள் படுத்தோர், பயிற்சி செய்தோர், இயன்ற வரை வழக்கமான வேலைகளைப் பார்த்தோர் என மூன்று பிரிவினர். விரைவில் தேறியவர் மூன்றாம் பிரிவினரே. 1997-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 'முதுகு வலியா? படுத்துவிடாதே' என்ற கருத்தைத் தொலைக்காட்சியில் பரப்பியது. மக்களின் எண்ணம் மாறியது. மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. இழப்பீட்டு விண்ணப்பங்களும் குறைந்தன.

2011-இல் கிறிஸ் மெயின், ஸ்டீவன் ஜார்ஜ் இருவரும் இதற்கு 'உளவியல் அறிந்த இயன்முறை மருத்துவம்' என்று பொருள்படப் பெயர் சூட்டினர். தசையை நீவுபவரே நெஞ்சையும் கேட்க வேண்டும்: 'எதற்கு அஞ்சுகிறாய்? குனிந்தால் என்ன ஆகும் என்று எண்ணுகிறாய்?' என்று. பிறகு, அஞ்சிய அந்த அசைவையே அருகிருந்து, அளவறிந்து செய்விக்க வேண்டும். அதே ஆண்டில் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார், ஒன்பது கேள்விகளால் நோயாளரை வகைப்படுத்திச் சிகிச்சையளித்து, 851 பேரிடம் நற்பயன் கண்டனர். இதுவும் மந்திரமன்று. புதிதாக வலி கண்டவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2021-இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், இம்முறை நாட்பட்ட வலியைத் தடுக்கவில்லை என்றே முடிவு வந்தது. கண்டதை ஒளியாமல் சொல்வதுதானே அறிவியலின் அழகு! சிறுநீர் அடங்காமை, கால் சோர்ந்து விழுதல், காய்ச்சலோடு கூடிய வலி, பெரும் அடிபட்டபின் வந்த வலி ஆகியவற்றுக்கு ஆறுதல் மொழி போதாது; அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி ஓட்டப்பிடாரத்துக்குத் திரும்புவோம். 1872-இல் வ. உ. சிதம்பரனார் பிறந்த ஊர். கோவைச் சிறையிலே செக்கிழுத்த அந்த முதுகை நாடு பாடிற்று, நியாயம். பாடப்படாத முதுகுகள் அங்கே இன்னும் குனிந்திருக்கின்றன. மானாவாரிக் காட்டில் மழை பெய்தால்தான் வேலை. வேலை வந்தால் விதைப்பும் களையும் அடுத்தடுத்து வரும். பருத்தி வெடித்தால் மடி கட்டி நாள் முழுதும் எடுத்தாக வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி வேலை என்றாலோ, மணிக்கணக்கில் ஒரே இருக்கை. 'படுத்து ஓய்வெடு' என்று சீமை மருத்துவம் சொன்ன நாளிலும் இவர்களுக்கு அது எட்டாத பண்டம். 'படுக்காதே, நட' என்று இன்று அது சொல்லும்போதோ, நடக்காமல் இருக்க அவர்களுக்கு உரிமை எங்கே இருந்தது? இவர்கள் வேண்டுவது ஒன்றுமில்லாத ஓய்வுமன்று, ஓயாத உழைப்புமன்று. நோவு கண்ட வாரத்தில் குனியும் வேலைக்கு மாற்றாக நிற்கும் வேலை, இடையிடையே நிமிரப் பொழுது, கூலியில் வெட்டில்லை என்ற உறுதி. அது மருத்துவர் எழுதும் சீட்டில் அடங்காது. வேலை கொடுப்பவர் கையெழுத்தும் அதற்கு வேண்டும்.

கீல் பல்கலைக்கழகத்தாரின் ஒன்பது கேள்விகளை எடுத்துப் பார்த்தோம். வலி காலுக்குப் பரவுகிறதா, நடை குறைந்ததா, உடலை அசைப்பது ஆபத்து என்று எண்ணுகிறாயா, இது தீரவே தீராது என்று தோன்றுகிறதா, முன்போல் எதிலும் மகிழ்ச்சி இல்லையா என்றெல்லாம் கேட்கின்றன. நல்ல கேள்விகள். கரிசற் காட்டுக்கு அவற்றைக் கொண்டுவரும் இயன்முறை மருத்துவர், பத்தாவதாக ஒன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்: 'நாளை நீ வேலைக்குப் போகாவிட்டால், வீட்டில் உலை ஏறுமா?'