சேரி என்னும் பெயர்

நம் நகரின் பெயருக்கு விளக்கங்கள் பல உண்டு. காஞ்சி மரங்கள் செறிந்திருந்தமையால் காஞ்சி என்றாயிற்று என்பர் ஒரு சாரார். சோழர் கல்வெட்டுகள் கச்சிப்பேடு என்கின்றன. ஆங்கிலேயர் காஞ்சீவரம் என்று எழுதினர். ஆனால் நாம் பிறந்த இடத்தின் பெயரான சேரி என்பதை உரக்கச் சொல்லவும் நம்மில் பலர் கூசுகின்றனர். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க வரும் பெற்றோர், முகவரி கூறுமிடத்துக் குரலைத் தாழ்த்துவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். ஆகவே இம்மலரில் அச்சொல்லைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

சேர்ந்து வாழுமிடம் சேரி. பொருள் அவ்வளவே. சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை என்றொரு பகுதி உண்டு. மதுரை மதிலுக்குப் புறத்தே அறவோர் வாழ்ந்த இடமே அப்புறஞ்சேரி. காஞ்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நம் மாணவர் பாடத்திற் படித்திருப்பர். அவ்வூர் அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலம். அதன் பிரிவுகளாக 30 குடும்புகளும் 12 சேரிகளும் கூறப்படுகின்றன. அந்தணர் வாழ்ந்த பகுதியும் சேரியே! நம் காஞ்சியிலும், உத்தம சோழன் காலத்துச் செப்பேடு நெசவாளர் குடியிருப்புகளுள் ஒன்றை எற்றுவழிச்சேரி என்று குறிக்கிறது. தஞ்சையில் பெரிய கோயிலுக்கென இராசராசன் 400 ஆடல் மகளிரைக் குடியமர்த்திய இடம் தளிச்சேரி.

அதே தஞ்சைக் கல்வெட்டுகளில்தான் நெஞ்சைச் சுடும் செய்தியும் உள்ளது. வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், சுடுகாடு, கம்மாணச்சேரி ஆகியவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தீண்டாமையைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டனர். இழிவு சேரியில் இல்லை. அதன் முன் ஒட்டிய அடையில் இருந்தது. நாளடைவில் பிறர் தம் வாழிடங்களுக்கு அக்கிரகாரம் என்றும் தெரு என்றும் வேறு பெயர் கொண்டனர். நம் பகுதியில் அடை உதிர்ந்தும் இழிவு ஒட்டிக்கொண்டது. புதுச்சேரி என்றும் வேளச்சேரி என்றும் சொல்லும்போது எவரும் முகம் சுளிப்பதில்லையே என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பாடநூலில் இல்லாத நல்ல கேள்வி அது.

பெயரோடு நிலமும் பிணைந்தே இருந்தது. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். காஞ்சிபுரம் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. குடிசை நின்ற மனைக்கும் மிராசுதாரர் உரிமை கொண்டாடியதையும், எதிர்த்தவரை வெளியேற்றுவோம் என அச்சுறுத்தியதையும் அவர் எடுத்துக் காட்டினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசும் நிலக்கொடை, 1892ஆம் ஆண்டின் அரசாணையால் பிறந்தது.

அடுத்த ஆண்டே, அதே மாவட்டத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் தம் இதழுக்குப் பறையன் என்று பெயரிட்டார். வசைச்சொல்லையே கொடியாக உயர்த்தினார் அவர். எம்.சி. ராஜா அவர்களோ 1922இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து, அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெறச் செய்தார். இருவர் வழியும் வெவ்வேறு. எனக்கு இருவர் மீதும் மதிப்புண்டு.

பின்னர் அரசு வீடு கட்டித் தந்த இடங்களில் சேரி போய்க் காலனி வந்தது. ஆங்கிலச் சொல்லாயிற்றே, இதிலேனும் கறை படியாது என்று எண்ணினோம். ஐம்பது ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களினின்றும் நீக்கப்படும் என முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். புதுப் பெயர் எழுதும்போது, அம்மனைகளின் பட்டா எவர் பெயரில் உள்ளது என்பதையும் இளைஞர்கள் உடன் சென்று பார்த்து வருதல் வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. நம் பகுதியின் குளம், மேடு, சந்து, களம் ஆகியவற்றுக்கு வழங்கிய பழம்பெயர்களை முதியோர் சிலரே அறிவர். சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, அவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள். முதற் பக்கத்திற்கு என் பாட்டி சொன்ன பெயர்கள் ஏழெட்டு என்னிடம் உள்ளன; தருகிறேன்.