வரிகளுக்கிடையே ஓர் உரை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்றொரு சிறு தீவு உண்டு. அங்கிருந்த கிறித்தவத் துறவியர் மடத்தில், கி.பி. 700ஆம் ஆண்டையொட்டி, நான்கு நற்செய்தி நூல்களும் இலத்தீனில் ஒரே சுவடியாக எழுதப்பெற்றன. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் பின்னற்கோலம் நிறைந்த முழுப்பக்கம் ஒன்றுண்டு. அதனையடுத்து, முதலெழுத்துகளே பக்கத்தை ஆட்கொள்ளும் தொடக்கப் பக்கம் வரும். லூக்கா நற்செய்தியின் தொடக்கப் பக்கத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட செம்புள்ளிகள் இடப்பெற்றுள்ளன.

793இல் வைக்கிங்குகள் மடத்தைச் சூறையாடினர். பின்னர்த் துறவியர் தீவை நீங்கினர், சுவடியோ அழியவில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு, இலத்தீன் சொற்களுக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். இன்று கிடைக்கும் நற்செய்தி ஆங்கில மொழியாக்கங்களுள் இதுவே பழைமையானது. பதவுரை மரபில் பயின்ற நமக்கு அம்முயற்சியின் அருமை எளிதில் விளங்கும். சுவடியை எழுதியவர் 698 முதல் 721 வரை ஆயராயிருந்த ஈட்ஃப்ரித் என்றும், கட்டியவர், அணிசெய்தவர் இன்னார் என்றும் நன்றியோடு குறித்துவைத்தவரும் அவரே.

அவ்வேடுகள் கன்றுத்தோலால் ஆனவை. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் நெஞ்சம் அதனை எண்ணி வருந்தும், வருந்துதலே முறை. ஆயினும் எழுதியோரின் பொறுமையும், காத்தோரின் உறுதியும் போற்றற்குரியன. அச்சுவடி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பேணப்படுகிறது. சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த மரபினர் நாம். நம் இல்லத்துப் பரண்களில் எஞ்சியுள்ள ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்காமல் காப்பதும் அத்தானமேயாகும்.