இரணியன் கூத்தும் புதுவை எல்லையும்

பிரெஞ்சு ஆட்சிக்கால நிலப்படத்தில் புதுச்சேரி ஒரே துண்டு நிலமாக இருந்ததில்லை. நகரத்தைச் சுற்றி வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை எனச் சிதறிக் கிடந்த கொம்யூன்களுக்கு இடையே ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டம் புகுந்து புகுந்து சென்றது. கொம்யூன் என்பது உள்ளாட்சி அலகைக் குறிக்கும் பிரெஞ்சு வழக்கு. இன்றும் இப்பகுதியில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே வழங்குகிறது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு, தமக்குத் துணைநின்ற பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு 1749இல் வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்களை அளித்ததும், 1752இல் பாகூரில் நடந்த போரில் பிரெஞ்சுப் படை தோற்றதும், பின்னர்ப் பலமுறை கைமாறி ஒருவழியாக நிலைபெற்றதும் இந்தச் சிதறலின் முன்கதை. இதனால் ஒரே ஏரித் தண்ணீரில் பயிரிட்டு, ஒரே அம்மனுக்குக் கூழ்வார்த்து, தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் இரண்டு வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டு வாழ்ந்தன. ஒரு நாடகமோ படமோ பாட்டோ குற்றமா இல்லையா என்பதை, அது வரப்பின் எந்தப் பக்கத்தில் நிகழ்ந்தது என்பதே தீர்மானித்த காலம் அது.

ஆங்கிலேயர் பக்கத்தில் நாடகத்துக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டுப் பெண்கள் சூழ வரவேற்ற ஒரு வழக்கறிஞரைக் கேலிசெய்து மேடையேறிய நாடகம் அரசைச் சீண்ட, அதன் விளைவாக 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்தது. அவதூறானது, ஒழுக்கக்கேடானது, அரசின்மேல் வெறுப்பைத் தூண்டுவது என்று தோன்றும் எந்த நாடகத்தையும் தடைசெய்யவும், கொட்டகைக்குள் புகுந்து நடிகர்களையும் உடைகளையும் கைப்பற்றவும் அச்சட்டம் அதிகாரிகளுக்கு இடமளித்தது. பிரெஞ்சுப் பக்கத்திலோ 1881 ஜூலை 29ஆம் நாளைய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. முன்னனுமதியோ பிணைத்தொகையோ இல்லாமல், பொறுப்பாளர் ஒருவரின் பெயரை அறிவித்துவிட்டு இதழ் நடத்த அது வழிவிட்டது.

இந்த வேறுபாட்டை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் சுப்பிரமணிய பாரதி. சென்னையில் 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழின் சட்டப்படியான ஆசிரியர் 1908இல் கைதாகித் தண்டிக்கப்பட்ட நிலையில், பாரதி புதுவைக்கு வந்து, அதே ஆண்டு அக்டோபரில் இதழை மீண்டும் தொடங்கினார். தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்தை, அதாவது நடப்பு அரசியலைக் கேலிச்சித்திரமாக்கும் கலையை, தொடர்ந்து கையாண்ட முதல் இதழ் அதுவே. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படத்தைப் படிப்பார் என்பதும், தலையங்கத்தைவிடப் படமே ஆட்சியாளரை அதிகம் உறுத்தும் என்பதும் பாரதிக்குத் தெரிந்திருந்தன. ஆங்கில அரசால் அச்சகத்தைத் தொட முடியவில்லை. இதழ் ஆங்கிலேயர் எல்லைக்குள் வாசகரைச் சென்றடைவதைத்தான் முடக்க முடிந்தது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. பத்தாண்டு புதுவை வாழ்வுக்குப் பின் 1918 நவம்பரில் பாரதி எல்லையைக் கடந்தார். பாகூருக்கு அடுத்த கடலூரின் அருகிலேயே கைது செய்யப்பட்டார்.

இதனால் பிரெஞ்சு ஆட்சியைச் சுதந்திரத்தின் காவலாகக் கொண்டாடுவது பிழையாகும். ஆங்கிலேயரைத் தாக்கும் எழுத்தை அனுமதிப்பதில் அதற்கு இழப்பு ஏதுமில்லை. தன் சொந்த நிலத்தில் ஆலைத் தொழிலாளர் எட்டுமணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டுப் போராடியபோது, 1936 ஜூலை 30இல் அதே ஆட்சி சுட்டுப் பன்னிரண்டு பேரைக் கொன்றது.

அச்சும் இதழும் நகரத்துக்கு உரியவை. வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் மக்கள் கூடிக் கண்ட அரங்கு கூத்துக்களரி. அறுவடை முடிந்து, பங்குனி தொடங்கி ஆடி வரையில், திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதப் பிரசங்கமும் இரவுக் கூத்தும் தீமிதியும் நடப்பது தென்னார்க்காட்டுக்கும் புதுவைக்கும் பொதுவான வழக்கம். கூத்தில் ஒரு வேடம் களரிக்கு வரும் முறை தனித்துக் கவனிக்கத்தக்கது. இரண்டு பேர் ஒரு துணித்திரையைப் பிடித்து நிற்பர். பின்னால் நிற்கும் வேடதாரி தன் பெருமையைத் தானே விருத்தமாகப் பாடுவார். பார்ப்பவருக்குத் திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய காலும் மட்டுமே தெரியும். மத்தளமும் முகவீணையும் உச்சத்துக்கு ஏறிய பிறகே திரை விலகும். அந்த இடைவெளியில் 'யார் வருவது' என்று கேட்டுக்கொண்டே சுற்றிவரும் கட்டியங்காரன், புராண காலத்துக்குள் நின்றுகொண்டு ஊர்க் கணக்கரையும் புதிய வரியையும் சாராயக் கடையையும் பற்றிப் பேசும் உரிமை பெற்றவன். அவன் பேச்சு ஏட்டில் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத சொல்லைத் தணிக்கை செய்வது எந்த அரசுக்கும் எளிதன்று என்பதால், 1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனி நாடகங்களைப் பிடித்த அளவுக்குக் கூத்தைப் பிடிக்க முடியவில்லை.

இக்களரியில் மிகுந்த மதிப்புக்குரியது 'கட்டை வேடம்'. இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய கிரீடமும் புயக்கட்டையும் மார்பணியும் பூண்டு, குரல்வளமும் உடல்வலியும் உள்ள மூத்த கலைஞர் ஆடும் வேடம் அது. துரியோதனன், கர்ணன், இரணியன் ஆகியோர் கட்டை வேடத்துக்கு உரியவர்கள். கதைப்படி வீழ வேண்டியவனுக்கே மிகப் பெரிய கிரீடமும் மிக நீண்ட பாட்டும் வாய்த்தன. கம்பர் வால்மீகியில் இல்லாத இரணியன் வதையைத் தம் காவியத்தில் தனிப் படலமாகச் சேர்த்து, இரணியனுக்கு அச்சமூட்டும் பெருமிதம் தந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். தஞ்சைப் பக்கத்தில் மெலட்டூர் முதலிய ஊர்களில் இரணிய நாடகம் ஆடப்படும்போது நரசிம்ம முகமூடி தரித்தவருக்கு அருள் வந்துவிடும் என்று நம்பி, அவரைப் பிடித்து நிறுத்த ஆட்கள் நிற்பது வழக்கம்.

பாகூர்ப் பக்கத்து மக்களுக்கு இக்கதை வெறும் மேடைக் கதையாக இருந்திருக்க முடியாது. கடலூர்ச் சாலையை ஒட்டிய சிங்கிரிகுடியில் பதினாறு கைகளுடன் இரணியனை மடியில் கிடத்திப் பிளக்கும் நரசிம்மர் மூலவராக இருக்கிறார். அவரையும் பூவரசங்குப்பம், பரிக்கல் நரசிம்மர்களையும் ஒரே நாளில் வழிபடுவதைச் சிறப்பாகக் கருதும் வழக்கம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. இந்த மண்ணில் இரணியனை நாயகன் என்று சொல்வது, ஊர் முழுதும் கும்பிடும் ஒரு காட்சியைத் தலைகீழாக நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

அதைச் செய்தவர் புதுவையில் 1891இல் பிறந்த கனகசுப்புரத்தினம் என்ற பாரதிதாசன். 1909இல் காரைக்கால் நிரவியில் தொடங்கி, 1946இல் ஓய்வுபெறும் வரை, நகரத்திலும் சிற்றூர்களிலுமாக 37 ஆண்டுகள் பிரெஞ்சு அரசின் தமிழாசிரியராக இருந்தவர் அவர். பாரதியின் நட்பில் தொடங்கி, முருகனைப் பாடி, கதரைப் பாடி, பின்னர்ப் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்துசேர்ந்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை, சடங்குக்கும் புராணத்துக்கும் மனிதர் அடிமை அல்லர் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. அந்நிலையில் அவர் எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகம் 1934இல் பெரியார் தலைமையில் அரங்கேறியது. அதில் இரணியன் ஆரியச் சூழ்ச்சிக்கு இரையாகும் தமிழ் மன்னன். அவன் மகன் பிரகலாதனின் பக்தி, சித்ரபானு என்னும் பெண்ணின்மேல் கொண்ட மயக்கத்தால் விளைந்த துரோகம். தூணிலிருந்து வெளிப்படுவது தெய்வம் அன்று, திட்டமிட்ட கொலை.

நாடகத்தின் துணிவு இந்தக் கடைசிக் காட்சியில் இருக்கிறது. கூத்தில் இரவெல்லாம் காத்திருந்தவர்கள் கைகூப்பி எழுந்து நிற்கும் அதே கணத்தில், பாரதிதாசன் அவர்களை உட்காரவைத்து, பிணத்தைப் பார்க்கச் சொல்கிறார். இதை மேலைநாட்டு நாத்திகத்தின் இறக்குமதி என்று பழித்தவர்கள் உண்டு. கூத்தை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்ற இடமில்லை. இரணியனின் கம்பீரத்தைக் கட்டை வேடம் ஏற்கெனவே தந்துவிட்டது, பார்வையாளரின் இரக்கத்தை அவன் பக்கம் திருப்பிய கடைசி அடியை மட்டும் கவிஞர் எடுத்துவைத்தார். ஆனால் குறையும் சொல்ல வேண்டும். இனப்பகைமையே கதையின் முழு விசையாக இருப்பதால் ஆரியப் பாத்திரங்களுக்கு உள்ளம் என ஒன்று அமையவில்லை. ஆணைக் கெடுக்கும் மோகினியாகச் சித்ரபானுவைப் படைத்ததில், புராணத்தை உடைக்க வந்தவர் புராணத்தின் மிகப் பழைய அச்சையே கையில் எடுத்திருக்கிறார். பெண்விடுதலையை அவ்வளவு உரக்கப் பாடிய கவிஞரிடம் இது உறுத்தவே செய்கிறது.

இந்நாடகத்தை ஆங்கிலேயர் ஆட்சி விட்டுவைத்தது. 1948இல் தடைசெய்தது விடுதலைக்குப் பிந்தைய சென்னை மாகாணக் காங்கிரசு அரசு. அப்போது அதன் முதல்வர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவருடைய ஓமந்தூர் திண்டிவனத்தை அடுத்தது, புதுவைக்கு அண்மையானது. வெள்ளையன் இட்ட சட்டத்தின் வழியிலேயே புதிய ஆட்சியும் நடந்தது என்பதைவிட வியப்புக்குரியது, நாடகத்தை எழுதியவர் அப்போதும் பிரெஞ்சு ஆட்சி மண்ணில் வாழ்ந்தார் என்பது. கடலூரிலும் விழுப்புரத்திலும் செல்லுபடியான அந்தத் தடைக்கு, ஒரு நடைத்தூரத்தில் இருந்த பாகூரிலோ வில்லியனூரிலோ சட்டப்படி வலுவில்லை. 1908இல் பாரதியின் இதழைக் காத்த அதே எல்லைக்கோடு, நாற்பது ஆண்டு கழித்து அவருடைய மாணவரின் நாடகத்தையும் காத்து நின்றது.

அந்தக் கோடு அழிந்ததும் இதே கொம்யூன்களில்தான். 1954 அக்டோபர் 18இல், வில்லியனூரைச் சேர்ந்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி முழுமையடைந்தது. இணைப்பு மக்கள் வேண்டிப் பெற்றது, அதில் ஐயமில்லை. எனினும், தடைக்கு அப்பால் ஓடி ஒதுங்க வேறொரு நாட்டின் வரப்பு இருந்த நிலை அன்றோடு முடிந்தது என்பதும் உண்மை. 1954ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு, நடிகர் எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் வைத்து, புதிதாக ஒரு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பாரதிதாசனோ 1955இல் புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இச்சட்டங்கள் மெல்லவே மடிந்தன. தமிழக அரசின் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நாடகக் கலைஞரும் எழுத்தாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாதென அறிவித்தது. 1876ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை நாடாளுமன்றம் 2017ஆம் ஆண்டு நீக்கல் சட்டத்தின் மூலம் ஏட்டிலிருந்து எடுத்தது. நாடகத்துக்கெனத் தனியே இருந்த விலங்கு கழன்றது, பொதுக் குற்றவியல் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1922இல் புதுவையில் மறைந்து கருவடிக்குப்பத்தில் அடக்கமான நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரால் நிகழ்கலைப் பள்ளி கண்ட புதுவைப் பல்கலைக்கழகத்தில், 2024 மார்ச் இறுதியில் மாணவர்கள் 'சோமாயணம்' என்ற நாடகத்தை ஆடினர். இராமாயணத்தை இழிவுசெய்வதாக மாணவர் அமைப்பான அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் எதிர்ப்புத் தெரிவிக்க, பல்கலைக்கழகம் விசாரணைக்கு உத்தரவிட்டது, காலாப்பட்டுக் காவல்துறை வழக்குப் பதிந்தது.