சைலன்ட் நைட்: நான் தட்டச்சு செய்யாத இரண்டு பெயர்கள்



டிசம்பர் லீவு விடுவதற்கு முந்தின ராத்திரி நம் விடுதியிலிருந்து கேரல் ரவுண்ட்ஸ் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் முன்னால் போவான். வார்டன் வீட்டு வாசலில் ஆரம்பித்து, பேராசிரியர் குடியிருப்பு முழுக்கச் சுற்றி, மெஸ் வாசலில் சுக்குக் காபியோடு முடியும். பாட்டுக் குழுவில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை, அடியேன் உட்பட. குரல் இருந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள்.

பாடிய பாட்டுகளில் எனக்கு அன்றும் இன்றும் உயிர் 'சைலன்ட் நைட்'தான். 'ஹார்க் த ஹெரால்ட்' பாடினால் வானம் கண்ணில் தெரியும், தேவதூதர் கூட்டம் தெரியும். இதைப் பாடினால் தொழுவம் தெரியும். பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்களே, அந்த அமைதி. ஆறெட்டுத் தாளத்தில் தொட்டில் ஆடுகிற மாதிரியே போகும் மெட்டு. நம் திஸ்ர நடைத் தாலாட்டுக்குப் பக்கத்து வீடு.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கேரல் பாட்டுத் தாளுக்கு ஸ்டென்சில் வெட்டிய புண்ணியவான் நான்தான். 'சைலன்ட் நைட்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே 'ஜெர்மானிய நாட்டுப்பாடல், ஆசிரியர் தெரியவில்லை' என்று தட்டினேன். யாரும் கேட்கவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, ஆசிரியர் நன்றாகவே தெரிந்தவர். ஒருவரல்ல, இரண்டு பேர்.

பாட்டை எழுதியவர் யோசப் மோர். 1792-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்தவள். தகப்பன் ஒரு சிப்பாய், படையை விட்டே ஓடிப்போனவன். முறையான கலியாணத்தில் பிறக்காத பிள்ளை குருவாக வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் திருச்சபையின் தனி அனுமதி வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த ஒரு குருவின் தயவில் படித்து, 1815-ல் குருவானார். மறு வருஷமே, மாரியாப்ஃபார் என்ற மலையூரில் இருக்கும்போது, இந்த வரிகளை எழுதினார். நெப்போலியன் சண்டைகள் ஓய்ந்த சமயம். 1816-ல் கோடையே வரவில்லை; ஐரோப்பாவின் பல பகுதிகளில் பயிர் கெட்டுப் பஞ்சம். 'அமைதி' என்ற சொல்லுக்கு அன்று என்ன கனம் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1817-ல் சால்சாக் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் ஊருக்கு உதவிக் குருவாக வந்தார். அங்கே ஆர்கன் வாசித்தவர் ஃபிரான்ஸ் சேவர் குரூபர். நெசவாளி மகன், பக்கத்து ஊர் ஆர்ன்ஸ்டார்ஃப் பள்ளிக்கூட வாத்தியார். 1818 டிசம்பர் 24 அன்று மோர் தாளை நீட்டி, "இரண்டு குரல், கூடவே கோரஸ், கிதார் துணை; இதற்கு ஒரு மெட்டுப் போடுங்கள்" என்ற மாதிரிக் கேட்டிருக்கிறார். அன்றைக்கே மெட்டு முடிந்து, அன்று ராத்திரியே புனித நிக்கோலா கோயிலில் பாடியாயிற்று. மோர் கிதாரோடு மேல் குரல், வாத்தியார் கீழ்க் குரல்.

"எலி கதை என்னாச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். ஆர்கன் துருத்தியை எலி கடித்துவிட்டதால்தான் கிதார் என்று நானும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். குரூபர் பிற்பாடு எழுதிவைத்த விவரத்தில் எலியும் இல்லை, ஆர்கன் கெட்ட சமாசாரமும் இல்லை. கதை நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டு அந்த ஊரோடு நிற்கவில்லை. ஆர்கன் செய்கிற மவுராகர் என்பவர் மூலமாக தீரோல் மலைப்பகுதிக்குப் போனது என்பார்கள். அங்கிருந்து ஊர் ஊராகக் கையுறை விற்கப் போன ஸ்ட்ராசர் குடும்பம் லைப்சிக் நகரில் பாடியது. ரைனர் குடும்பம் 1839-ல் நியூயார்க்கிலேயே பாடிவிட்டது. அச்சில் வந்தபோது 'தீரோல் நாட்டுப்பாடல்' என்று போட்டார்கள். இரண்டு பெயர்களும் போயின. இவ்வளவு நல்ல மெட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையதாக இருக்குமா? ஹைடன் என்றார்கள், மோசார்ட் என்றார்கள்.

1854-ல் பெர்லின் அரசவை இசைக்குழு, இது மிக்கேல் ஹைடன் இயற்றியதா என்று சால்ஸ்பர்க்குக்கு விசாரித்து எழுதியது. விசாரணை குரூபர் காதுக்கு எட்ட, அவர் டிசம்பர் 30 அன்று உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினார். மோர் அதைப் பார்க்க இல்லை. 1848-லேயே வாக்ரைன் என்ற மலையூரில் ஏழையாகச் செத்துப்போனார். அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. பிற்காலத்தில் சிலை செய்ய முகம் வேண்டுமே என்று, 1912-ல் கல்லறையைத் தோண்டி மண்டை ஓட்டை எடுத்துத்தான் செய்தார்கள். படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறமும் சந்தேகப் பேர்வழிகள் விடவில்லை. 1995-ல்தான் மோர் தன் கையால் எழுதிய பிரதி வெளிப்பட்டது. மெட்டு குரூபருடையது என்று ஒரு மூலையில். பாட்டு உதவிக்குரு மோர், 1816 என்று இன்னொரு மூலையில். அத்தோடு வழக்கு முடிந்தது. நம் தாளில் இருந்த இன்னொரு பாட்டு 'அவே இன் எ மேஞ்சர்' இதற்கு நேர் எதிர்: 1880களில் அமெரிக்காவில் அச்சானபோது மார்ட்டின் லூதர் பெயரை மாட்டிவிட்டார்கள், அவர் எழுத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. பெரிய மனிதர் பெயர் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

இப்போது ஒரு வேண்டுகோள். கடைசி வருஷ மாணவர்களுக்கு நம் விடுதியில் பாடும் வழியனுப்புப் பாட்டுக்கும் நான்தான் ஸ்டென்சில் வெட்டினேன். முந்திய செட் கொடுத்த தாளில் பெயர் இல்லை; நானும் கேட்காமல் அப்படியே தட்டிவிட்டேன். நமக்கு மூத்த செட் அண்ணன்மார் பலர் இந்த மலரைப் படிப்பார்கள். அதை எழுதியது யார், மெட்டுப் போட்டது யார் என்று தெரிந்தால் மலர்க்குழுவுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த மலரில் பாட்டையும் பெயரையும் சேர்த்தே அச்சடிக்கிறோம்.