சோலை ஏறிய பட்டியல்

லத்தீனும் கிரேக்கமும் கோலோச்சும் பறவைப் பெயர்ப் பட்டியலில் 2017-இல் ஒரு தமிழ்ச் சொல் இடம்பிடித்தது. ‘ஷோலிகோலா’ என்ற அந்தப் பேரினப் பெயரின் முற்பாதி நம் சோலை. பிற்பாதி, ‘வாழ்வது’ எனப் பொருள்படும் லத்தீன் ஒட்டு.

சமவெளியில் சோலை என்றால் நிழல் தரும் மரக்கூட்டம். அழகர்மலையின் பழமுதிர்சோலையை அறியாதவர் இல்லை. நீலகிரியிலும் பழனிமலையிலும் பொருள் குறுகிவிடும்: புல்வெளி மேடுகளுக்கு நடுவே, ஓடை இறங்கும் மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டை மரக்காடுதான் அங்கே சோலை. ஆங்கிலேயர் அதை ‘ஷோலா’ என்று எழுதிக்கொண்டார்கள். காட்டியல் நூல்களிலும் அதுவே நிலைத்தது.

அந்தக் காட்டின் தரையில், புதரடி இருட்டில் பூச்சி தேடித் திரிகிறது ஷோலிகோலாப் பறவை. சிட்டுக்குருவி அளவுதான். கருநீல உடல், கண்ணுக்கு மேல் சிறிய வெண்கீற்று, நீண்ட கால்கள். நீலகிரிப் பறவைக்கு விலாவும் கீழ்வயிறும் துருச்சிவப்பு. பழனிமலைப் பறவைக்கோ விலா சாம்பல்நீலம், நடுவயிறு வெள்ளை.

இத்தனை தெளிவாகத் தெரியும் வேறுபாடு இருந்தும் இவை நெடுங்காலம் ஒரே இனமாகத்தான் எண்ணப்பட்டன. 1840-களில் பறவையியலாளர் ஜெர்டன் நீலகிரிப் பறவையைச் செவ்வால் பறவைகளோடு சேர்த்தார். பழனிமலைப் பறவைக்கு 1868-இல் பிளான்ஃபோர்டு பெயரிட்டார். பிற்காலத்தவர் இரண்டையும் ஒரே இனமாக்கிக் குறுஞ்சிறகுப் பறவைகளின் பேரினத்தில் வைத்தார்கள். 2005-இல் ராஸ்முசனும் ஆண்டர்டனும் இரண்டையும் தனித்தனி இனங்களாக்கி வேறொரு பேரினத்துக்கு மாற்றினார்கள். தோற்றத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் வீடு மாறிக்கொண்டே இருக்க நேரும்.

மரபணுவைப் பார்த்த வி. வி. ராபின் குழுவினர், இவை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் தனிக்கிளை என்று கண்டு புதுப் பேரினம் அமைத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம். செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்தியமலைப் பக்கம் வாழ்வது மூன்றாவது. அதற்கு ‘அசம்புயென்சிஸ்’ என்று பெயர். நாகர்கோவிலில் அசம்பு ரோட்டில் நடந்தவர்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல. உச்சியில் மட்டுமே வாழப் பழகிய பறவைக்குத் தாழ்வான கணவாய் கடக்க முடியாத எல்லை.

ஆங்கிலத்தில் இவற்றுக்கு இப்போது ‘ஷோலகிளி’ என்று பெயர். மலையாளத்தில் கிளி சிறுபறவைகளுக்கெல்லாம் பொது. தமிழிலோ பச்சைக்கிளிதான் கண்முன் வரும். ஆகவே தமிழில் எழுதுவோர் ‘சோலைக்கிளி’ என்று திருப்பாமல், ‘சோலைச்சிட்டு’ என்றே எழுத வேண்டும்.