கரிக்குக் கறுப்பு, கந்தகத்துக்கு மஞ்சள்

1865 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை மாலை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் உரையாற்றினார். விளக்கிக் காட்ட அவர் கொண்டுவந்தவை குரோக்கே பந்துகள். புல்தரையில் மரச்சுத்தியால் பந்தைத் தட்டி ஆடும் அந்த ஆட்டம் அப்போது இங்கிலாந்தில் பெரும் மோகமாக இருந்தது. அந்தப் பந்துகளில் உலோகக் கைகளைச் செருகி அணுக்களாக்கியிருந்தார் ஹோஃப்மன். குளோரினுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு.

கையை எண்ணிப் பார்க்காமலே எது எந்த அணு என்று தெரிய வேண்டுமே! வண்ணம் பூசினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. பாடம் நடத்துவதற்கென்றே பிறந்த நிறங்கள் இவை. அதனால்தான் இவை மாணவர்களின் சொத்து என்கிறேன்.

கரி கறுப்பு, குளோரின் வாயு மஞ்சள் கலந்த பச்சை. இந்த இரண்டுக்கும் காரணம் கண்ணுக்கே தெரியும். ஆக்சிஜனுக்கு நிறமில்லை, ஆனால் நெருப்பை வளர்ப்பது அது, சிவப்பு பொருந்திவிட்டது. கந்தகத்துக்கு மஞ்சள், அயோடினுக்கு ஊதா என்பதும் இதே வழிதான். தனி அணுவுக்கு நிறமே கிடையாது என்பதை மட்டும் அணு மாதிரிப் பெட்டியைத் திறக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஹோஃப்மனின் மீத்தேன் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. கார்பனின் நான்கு கைகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நீள்கின்றன என்று வேதியியலாளர் வான்ட் ஹாஃப் எழுதியது 1874இல். வடிவம் மாறியது, நிறம் மாறவில்லை. 1953இல் கலிபோர்னியாவில் ராபர்ட் கோரியும் லைனஸ் பாலிங்கும் புரத மாதிரிகளை மரத்தில் செய்ததைப் பற்றி எழுதினார்கள்; ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. பிறகு வால்டர் கோல்டன் அதைப் பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்தார். மூவரின் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளே இன்றைய ‘சி.பி.கே.’ நிறங்களுக்குப் பெயர்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் இந்தப் பெட்டியில் முதலில் எதைக் கட்ட வேண்டும் என்று கேட்டால், ஐசோப்ரீன் என்பேன். ஐந்து கறுப்பு, எட்டு வெள்ளை. ஐந்தாம் படிவப் பாடத்தில் இருக்கிறது, தேர்வுக்கு மனப்பாடமும் ஆகிறது. ஆனால் பாட்டி விடியற்காலையில் ரப்பர் மரம் வெட்டி மங்கில் சேர்த்த பாலுக்குள் இருந்த சங்கிலி இந்த மூலக்கூறின் தொடர்தான் என்பது கையில் எடுத்துக் கோக்கும்போதுதான் உறைக்கும். நான்கு மாணவர்கள் ஆளுக்கொன்று செய்து கோத்தால் மேசை நீளத்துக்குச் சங்கிலி வந்துவிடும். கோக்கும்போது இரட்டைப் பிணைப்பு இடம் மாறுவதையும் விரலே காட்டிக்கொடுக்கும். கரும்பலகையில் இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

இப்படி இரண்டு சங்கிலிகள் தயாரானதும் மஞ்சள் பந்தை எடுக்கச் சொல்லலாம். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கிக் கண்ட மாற்றத்தை இனி கையிலேயே காட்டலாம். ஒவ்வொரு சங்கிலியிலும் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு வெள்ளையைக் கழற்ற வேண்டும். கந்தகத்துக்கு இரண்டு துளை: ஒன்று இந்தச் சங்கிலிக்கு, மற்றது அந்தச் சங்கிலிக்கு. இனி இழுத்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் போகாது.