சோர்வும் சாவும்

காலை வேளையில் அவசரமாகப் புறப்படுகிறோம். காரின் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஓர் ஒலி எழுந்து அடங்கிவிடுகிறது. பாட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்க விரைகிறோம். ஆனால் அது உண்மையில் செத்ததா, உணவின்றிச் சோர்ந்ததா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வேற்றுமையை ரயில் பெட்டிகளின் வரலாறு நமக்கு நன்கு புலப்படுத்தும்.

ஈயத் தகடுகளைக் கந்தகாமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை மீண்டும் மீண்டும் சேமிக்கலாம் என்று 1859-இல் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே. 1881-இல் ஃபோர் என்பவர் அதனைச் செம்மைப்படுத்தினார். அவ்வாண்டே இங்கிலாந்தில் லண்டன்–பிரைட்டன் ரயில் பெட்டி ஒன்றில் ஃபோரின் பாட்டரிகள் விளக்கேற்றின. எனினும், நிலையத்தில் நிரப்பிய மின்சாரம் வழியில் தீர்ந்தால் யாது செய்வது? பெட்டியின் அச்சோடு டைனமோவைப் பிணைத்து, ஓட்டத்திலிருந்தே மின்சாரம் பெறும் முறை பின்னர்த் தோன்றியது.

இம்முறையை நம் பெரம்பூரும் நன்கறியும். 1856-இலேயே ரயில்வே தொழிற்சாலை கண்ட ஊர் அது. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேரு அங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். அத்தொழிற்சாலையின் பெட்டிகள் பலவற்றின் அடியில் பாட்டரிகள் தொங்கின. வண்டி ஓடுங்கால், பட்டையால் இணைந்த டைனமோ சுழன்று விளக்கையும் விசிறியையும் இயக்கி, எஞ்சியதைப் பாட்டரிக்கு ஊட்டியது. வண்டி நின்றதும் பாட்டரி அக்கடனைத் திருப்பிச் செலுத்தியது. பட்டை தளர்ந்தாலோ அறுந்தாலோ வரவு நின்று செலவு மட்டும் தொடரும். சிறிது நேரத்தில் பெட்டி இருளில் மூழ்கும். அவ்விருளுக்குப் பாட்டரியைக் குறை கூறல் தகுமா?

காரின் நிலையும் இதுவேயாகும். கைப்பிடியால் இயந்திரத்தைச் சுழற்றி அல்லற்பட்ட ஓட்டுநர்களுக்கு, கெட்டரிங் அமைத்த மின் தொடக்கி 1912-இல் காடிலாக் காரில் வந்து விடுதலை தந்தது. அன்று முதல் காருக்குப் பாட்டரி இன்றியமையாததாயிற்று. ஆதலால், அது சோர்ந்தால் முதலில் முனைகளை நோக்குக. வெண்மையோ பசுமையோ படிந்திருந்தால் துடைத்து இறுக்குக. அடுத்து, இயந்திரத்தின் பட்டை தளர்ந்துள்ளதா, இரவெல்லாம் விளக்கு எரிந்ததா என்று பார்க்க. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுவது நிறைந்த பாட்டரி. 12-க்குக் கீழே இறங்கினால் அது பெரிதும் வறண்டது. மூடி திறக்கும் வகையாயின் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் சோதிக்கலாம். நிறைந்த நிலையில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை இருக்கும். ஆறும் ஒருங்கே தாழ்ந்திருந்தால் அது பசி. ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அது நோய்.

பசிக்கு மருந்து எளிது. தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவு காய்ச்சி வடித்த நீர் வார்க்கவேண்டும். அமிலம் வார்த்தல் கூடாது. பின்னர் அதன் கொள்ளளவில் பத்திலொரு பங்கு ஆம்பியர் அளவில் நிதானமாக மின்சாரம் ஊட்டுக. அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கும். ஆகையால் அருகில் பீடி நெருப்பும் ஆகாது.

ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே ஊட்டினால் அது கரைந்து மீளும். வாரக்கணக்கில் வறட்சியிலேயே விட்டால் இறுகி, பின்னர் எவ்வூட்டத்துக்கும் இணங்காது. சோர்வு சாவாவது அப்போதுதான். பாட்டரி பலவும் மாள்வது அதன் குறையால் அன்று. நம் தாமதத்தால் ஆகும்.